ஜெபத்தில் அமர்ந்தால் உறக்கம் வருகிறது: இது பாவமா, களைப்பா?

கூடல்நகர் மார்த்தாள்
சனி, இரவு 10.15

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் ஆலயத்தில் யாரிடமும் நேரில் கேட்கக் கூச்சமாக இருப்பதால் இந்த இணையக் குழுவில் கேட்கிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. வயது 48. எங்கள் சேகரத்தின் (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தின்) பெண்கள் ஐக்கிய சங்கத்திற்குச் செயலராக நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். பாடகர் குழுவிலும் இருக்கிறேன். லெந்து என்னும் தவக்காலத்தில், நாள்தோறும் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, அரைமணி நேரம் யாரோடும் பேசாமல் ஆண்டவருடைய சமுகத்தில் அமர்ந்திருப்பதாகப் பொருத்தனை செய்துகொண்டேன். லெந்து முடிந்து வெகுநாள் ஆகிறது. அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், முழங்கால்படியிட்டுக் கட்டிலின் ஓரத்தில் நெற்றியைச் சாய்த்த ஐந்தாம் நிமிடத்தில் உறங்கிவிடுகிறேன். பால்காரரின் மணிச் சத்தத்தில்தான் விழிக்கிறேன். சென்ற வாரம் என் மகன், "அம்மா, நெற்றியில் என்ன கோடு?" என்று கேட்டான். கண்ணாடியில் பார்த்தேன், கட்டில் விரிப்பின் ஓரத் தையல் அப்படியே பதிந்திருந்தது. நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாள் என்கிறோம். என் வாரத்திலேயே உடல் மிகுதியாக நோகிற நாள் அதுதான். காலையில் சமையலை முடித்துவிட்டு எட்டு மணிக்குப் பாடகர் பயிற்சி, எட்டரைக்கு ஆராதனை, பின்பு ஞாயிறு பள்ளி, அதன் பின்பு சங்கக் கூட்டம், மதியம் வீடு திரும்பிப் பாத்திரம், நான்கு மணிக்கு நோயாளிகளைச் சந்திப்பது, ஆறரைக்கு ஏதாவதொரு வீட்டில் ஜெபக்கூட்டம். திங்கட்கிழமை காலையில் வகுப்பில் நிற்கும்போது கால் நடுங்குகிறது.

இவ்வளவும் ஆண்டவருக்காகத்தான் செய்கிறேன். அப்படியிருக்க, அவரோடு தனித்திருக்கக் கிடைக்கிற அரைமணி நேரத்தில் உறங்கிவிடுகிறேனே, இது என்ன?

திருநகர் மூப்பர்
சனி, இரவு 11.02

சகோதரிக்கு என் அன்பின் வாழ்த்துதல். உங்கள் நேர்மையை மதிக்கிறேன். ஆகையால் நானும் நேர்மையாகவே எழுதுகிறேன். ஆண்டவர் பிடிபட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் சீஷர்கள் முதல்முறை உறங்கியபோது அவர் அவர்களைத் தட்டிக்கொடுத்து, "களைத்துப்போனீர்கள், தூங்குங்கள்" என்று சொல்லவில்லை. ஒரு மணிநேரமாவது என்னோடே விழித்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார். பவுல் அப்போஸ்தலன் தன் பாடுகளைக் கணக்கிடும்போது கண்விழிப்புகளையும் சேர்த்தே சொல்லுகிறார். சோம்பேறியைப் பார்த்து, எவ்வளவு நேரம் படுத்திருப்பாய் என்று கேட்பதும் வேதம்தான்.

என் மனைவி மருத்துவமனையில் இருந்த பதினொரு நாளும் எங்கள் சபையார் முறைவைத்து இரவு முழுவதும் விழித்திருந்து ஜெபித்தார்கள். அவள் இன்று உயிரோடிருக்கிறாள். முழு இரவு ஜெபத்தை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குப் பொறுக்காது. எழுந்து நின்று ஜெபியுங்கள், முகத்தைக் கழுவுங்கள், சத்தமாக ஜெபியுங்கள். உறக்கம் தானே ஓடிவிடும்.

நெறியாளர்
ஞாயிறு, காலை 6.30

ஓய்வுநாள் சனியா ஞாயிறா என்னும் விவாதத்திற்குத் தனி உரையாடல் இழை இருக்கிறது. அங்கே அது மூன்றாண்டுகளாக ஓயாமல் நடைபெறுகிறது. அருள்கூர்ந்து அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

பசுமலை முதியவர்
ஞாயிறு, பிற்பகல் 3.20

அம்மா, நான் பணி நிறைவு பெற்ற ஆயர். பல ஊர்களில் ஊழியம் செய்துவிட்டு இப்போது பசுமலை அடிவாரத்தில் இருக்கிறேன். உங்கள் கடிதத்தை (இதைக் கடிதம் என்றே எழுதுகிறேன், பழக்கம் விடவில்லை) இரண்டு முறை வாசித்தேன்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட தீர்க்கதரிசி, அதன் பின்பு ஒரு பெண்ணின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்திற்குள் ஓடி, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அப்போது தேவன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளவில்லை. எலியா படுத்து உறங்குகிறார். தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் முறை வந்தும் அதையேதான் சொல்லுகிறான். பிரயாணம் வெகுதூரம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறான். இரண்டு உறக்கம், இரண்டு சாப்பாடு, அதன் பின்பு நாற்பது நாள் நடை. அதற்கும் பின்புதான் ஓரேப் மலையில் ஆண்டவருடைய அந்த அமர்ந்த மெல்லிய சத்தம். இந்த வரிசையை நாற்பது ஆண்டுகளாக நான் பிரசங்கம் செய்திருக்கிறேன். ஆனால் முதல் இருபது ஆண்டுகள் அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டுமே பேசினேன். அடையைப் பற்றிப் பேசவே இல்லை.

ஏன் என்று எனக்கே தெரியும். ஒரு வாரத்தில் மூன்று அடக்க ஆராதனை, ஒரு திருமணம், ஒரு சேகரக் குழுக் கூட்டம் எல்லாம் முடித்துவிட்டு, மரணப் படுக்கையில் இருந்த ஒரு பெரியவரின் வீட்டிற்கு இரவு ஒன்பது மணிக்குப் போனேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாக ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது வீட்டார் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெபத்தில் நான் சொன்ன பேர் அவருடையதல்ல. முந்தின நாள் நான் அடக்கம் செய்தவருடைய பேர். அந்தப் பெரியவர்தான் என்னைத் தேற்றினார். "ஐயரே, போய்ப் படுங்கள்" என்றார். அந்த வீட்டில் அன்று ஊழியம் செய்தவர் அவர்தான்.

மூப்பர் ஐயா சொன்ன கெத்செமனேயை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே இடத்தில் ஆண்டவர் சொன்ன அடுத்த வாக்கியத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும்: ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது. அது பழிச்சொல் மட்டுமா, அவர்களை அறிந்து சொன்ன சொல்லும் அல்லவா? புயலடிக்கும் படகில், பின்னணியத்தில், தலையணை வைத்து உறங்கியவர் சொன்ன சொல் அது. துரோவாவில் பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கித்தபோது ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகுவையும் யாரும் கண்டிக்கவில்லை. பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். (பின்பு மேலே ஏறிவந்து பொழுது விடியும்வரை பேசினார் என்பது வேறு, பிரசங்கிகள் நாங்கள் திருந்துவது கடினம்.)

இந்த ஊரின் கதையையும் கொஞ்சம் சொல்லுகிறேன். அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரையில் பணியைத் தொடங்கினார்கள். வெயிலும் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் வாரிக்கொண்டுபோயின. முதலில் சிறுமலையில் ஓய்விடம் அமைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கும் விடவில்லை. 1845இல் கோடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்று நாம் சுற்றுலா என்று போகிற அந்த மலையூர், மதுரைச் சமவெளியில் ஊழியம் செய்து களைத்தவர்கள் செத்துப்போகாமல் இருப்பதற்காக உண்டான ஊர். ஓய்வு என்பது ஊழியத்திற்கு எதிரானது என்று அவர்கள் நினைத்திருந்தால் ஊழியமும் நின்றிருக்கும்.

இறையியல் மாணவன்
ஞாயிறு, இரவு 8.45

ஐயா அவர்களின் எலியா விளக்கத்திற்கு நன்றி. ஆனால் கோடைக்கானல் எடுத்துக்காட்டில் எனக்கு ஒரு நெருடல் உண்டு, மரியாதையோடே சொல்லுகிறேன்.

அந்த மலைக்கு அப்போது சாலை கிடையாது. பெரியகுளம் பக்கம், கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரைக்கும் வண்டியில் வந்து, அங்கிருந்து செங்குத்தான பாதையில் நடந்தோ, குதிரையிலோ, நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து கூலிகளின் தோளிலோதான் ஏறினார்கள். ஓய்வெடுக்கப் போனவர்களை ஒருவர் சுமந்துகொண்டு போனார். அவர் எங்கே ஓய்வெடுத்தார்? கோடை வெயிலில் சமவெளியிலேயே இருந்து, சபைகளைப் பார்த்துக்கொண்ட தமிழ் உபதேசியார்கள் எந்த மலைக்குப் போனார்கள்?

இதை யாரையும் குறைகூற எழுதவில்லை. யாத்திராகமம் 23:12ஐ மூலத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறோம், அதனால் எழுதுகிறேன். "உன் மாடும் உன் கழுதையும் இளைப்பாறவும், உன் அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் இளைப்பாறவும்" நீ ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது அந்த வசனம். நான் ஓய்வெடுப்பது என் சுகத்திற்காக என்று அங்கே சொல்லவில்லை. நான் நிறுத்தினால்தான் எனக்குக் கீழே இருப்பவர்கள் நிறுத்த முடியும் என்பதற்காகவே நிறுத்தச் சொல்லியிருக்கிறது. அங்கே வருகிற எபிரெயச் சொல்லுக்கு மூச்சு வாங்கிக்கொள்ளுதல் என்னும் பொருளும் உண்டு என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். அடிமைப்பெண்ணின் பிள்ளை மூச்சு வாங்கிக்கொள்வதற்காக ஒரு நாள்.

இடைக்காட்டூர் யாத்திரிகன்
திங்கள், காலை 5.50

நான் கத்தோலிக்கன், எங்கள் வழக்கில் 'செபம்' என்று எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, உங்களுக்கு ஒரு தோழியை அறிமுகம் செய்கிறேன். குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் பிரான்சில் லிசியே நகரக் கார்மேல் மடத்தில் வாழ்ந்து 1897இல், 24ஆம் வயதில் இறந்தவர். எங்கள் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே போதிக்கும் ஆசிரியர், என்று மதிக்கிறது. அவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது, ஏழு ஆண்டுகளாகத் தியான நேரங்களில் தாம் உறங்கிவிடுவதாக ஒப்புக்கொள்கிறார். அதற்காகத் தாம் மனம் உடைந்துபோக வேண்டும், ஆனால் உடைந்துபோகவில்லை என்கிறார். ஏனென்றால் குழந்தைகள் விழித்திருக்கும்போது எப்படியோ அப்படியே உறங்கும்போதும் பெற்றோருக்குப் பிரியமாகவே இருக்கிறார்கள். உங்கள் நெற்றியில் இருந்த தையல் கோட்டைப் பற்றி வாசித்தபோது எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உறக்கம் வேறு, மௌன செபம் வேறு. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது என்பதுதான் பலருக்கும் புரியாமல் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில், சோம்பல் ஆன்மாவின் பகைவன் என்று எழுதிய அதே பகுதியில், கோடைக் காலத்தில் நண்பகல் உணவுக்குப் பின் எல்லாரும் தம் படுக்கையில் மௌனமாக இளைப்பாற வேண்டும் என்றும் விதித்தார். அந்த மனிதர் சோம்பலுக்கும் களைப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருந்தார். மதுரை வெயிலில் இருக்கிற நமக்கு அது இன்னும் எளிதாகப் புரிய வேண்டும்.

நான் எட்டு ஆண்டுகளுக்கு முன் முதல்முறையாக எட்டு நாள் மௌனத் தியானத்திற்குப் போனேன். இயேசு சபையை நிறுவிய, இனிகோ என்னும் இயற்பெயருடைய புனித இஞ்ஞாசியார் வகுத்த முப்பது நாள் பயிற்சியின் சுருக்கம் அது. முதல் இரண்டு நாளும் நான் உறங்கினேன்; வேறொன்றும் செய்யவில்லை. வழிநடத்திய குருவிடம் வெட்கத்தோடே சொன்னேன். "நல்லது, உடம்பு முதலில் வந்து சேர்ந்திருக்கிறது, மனது அடுத்த பேருந்தில் வரும்" என்றார். மூன்றாம் நாள் மாலையில் வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தபோது, பத்தாண்டுகளாக நான் என் தம்பியோடு பேசாமலிருப்பது நினைவுக்கு வந்தது. அதற்கு முன் எவ்வளவோ செபமாலை சொல்லியிருக்கிறேன்; அப்போதெல்லாம் என் குரலே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்ததால் இது மேலே வரவே இல்லை. மௌனம் இனிமையானது என்று சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை. முதலில் மேலே வருவது அடியில் கிடக்கும் சேறுதான்.

எட்டு நாள் யாருக்குக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். இஞ்ஞாசியார் அதையும் நினைத்தே, தம் கையேட்டின் 19ஆவது முன்குறிப்பில், பொதுப் பணிகளை விட்டு வர முடியாதவர்கள் இருந்த இடத்திலேயே நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிச் செய்யலாம் என்று எழுதிவைத்தார். எனக்கு அதுவும் முடியவில்லை. மாதம் ஒருமுறை, மானாமதுரை போகும் சாலையில் பிரிந்து, 1894இல் கட்டிய இடைக்காட்டூர்த் திருஇருதய ஆலயத்திற்குப் போய், கூட்டம் இல்லாத வார நாளில் பின்வரிசையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கிறேன். வைகைக் கரை ஊர், புறாக்களின் சத்தம்தான். ஒன்றும் கேட்பதில்லை. ஒன்றும் சொல்வதில்லை.

செல்லூர்த் தறிக்காரி
திங்கள், இரவு 11.30

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒரு விசுவாசிதான். நீ ஜெபம்பண்ணும்போது உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டு என்று ஆண்டவர் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரே அறைதான், ஆறு பேர், கதவைப் பூட்டினால் ஐந்து பேர் தெருவில் நிற்க வேண்டும். பக்கத்துச் சந்தில் விசைத்தறி ஓடுகிறது. மின்சாரம் நின்றால்தான் மௌனம். அப்போது புழுக்கம் தாங்காது.

நான் என்ன செய்கிறேன் என்றால், காலையில் தண்ணீர் பிடிக்கக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவேன். முக்காடு போட்டிருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். என் முறை வரும்வரைக்கும், பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ, அதுதான் என் அறைவீடு. ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் குடம் நிறைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் மாறும்போது குடம் நிறையப்போகிறது என்று தெரியும்; அதுவரைக்கும் அவருடைய சமுகத்தில் இருப்பேன்.

உறக்கம் வந்தால் தூங்குங்கள் அக்கா. அடுத்த குடத்துக்காரி எழுப்பிவிடுவாள்.

பசுமலை முதியவர்
செவ்வாய், காலை 7.10

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னாள் அம்மையாரைப் பற்றி இப்படியொரு கதை சொல்வார்கள். பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்ற அந்த அம்மையார், சமையல் மேலாடையைத் தலைமேல் போட்டுக்கொண்டால் அம்மா ஜெபிக்கிறாள் என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்களாம். அதைப் பிரசங்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இனிமேல் செல்லூர்ப் படிக்கட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

மாணவத் தம்பி எழுதியது என்னை வருத்தியது, வருத்தியது நியாயமே. டோலி சுமந்தவர்களைப் பற்றி நான் நினைத்ததே இல்லை.

திருநகர் மூப்பர்
செவ்வாய், இரவு 9.55

எல்லாரும் மௌனத்தைப் புகழ்கிறீர்கள். கர்த்தரைக் கெம்பீரமாய்ப் பாடுங்கள் என்பதும் வேதமே. இஸ்ரவேலர் சுற்றிவந்து ஆர்ப்பரித்த எரிகோவின் மதில் மௌனத்தினாலா விழுந்தது?

இடைக்காட்டூர் யாத்திரிகன்
செவ்வாய், இரவு 10.20

ஐயா, ஆறு நாள் வாய் திறவாமல் சுற்றினார்கள். ஏழாம் நாள்தான் ஆர்ப்பரித்தார்கள். நீங்கள் ஏழாம் நாளை மட்டும் ஏழு நாளும் கொண்டாடுகிறீர்கள்.

திருநகர் மூப்பர்
செவ்வாய், இரவு 10.41

சரியான அடி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முழு இரவு ஜெபம் தேவையில்லை என்று மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

சத்தத்தைப் பற்றி நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறர் சொல்லும் முன்பு. எங்கள் சபையில் இரவு ஜெபத்திற்கு ஒலிபெருக்கி வைத்திருந்தோம். அண்டை வீட்டில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தாள். அவளுடைய தகப்பனார் வந்து கேட்டபோது, ஆண்டவருடைய வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் மறுபடி வந்தபோது கையில் ஒரு காகிதம் இருந்தது. சென்னையில் ஒரு சபையின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பின் நகல். பிறருடைய அமைதியைக் குலைத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று அதில் இருந்தது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்னும் விதியும் அதே ஆண்டில் வந்ததுதான். அவர் சத்தம் போடவில்லை. காகிதத்தை வைத்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு நீதிபதி சொல்லித்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது இரவு ஜெபத்தில் ஒலிபெருக்கி இல்லை. அப்படியும் ஜெபம் மேலே போகிறது.

மேலூர் வயற்காட்டான்
புதன், இரவு 8.05

இந்த இழையில் வேத பண்டிதர்கள் நிறைய. நான் வயலில் இருந்து எழுதுகிறேன். எங்களுடையது பெரியாறு வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் விளையும் பூமி. அறுப்பு முடிந்த பின்பு வயல் சும்மா கிடக்கும். பட்டணத்தில் இருந்து வருகிறவர்கள், "இவ்வளவு நிலத்தை வீணாகப் போட்டிருக்கிறீர்களே" என்பார்கள். அது வீணாகக் கிடப்பதில்லை. அந்தக் காலத்தில் கீதாரிகள் என்னும் ஆட்டிடையர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பேசி முடித்து வயலில் கிடை போடுவோம். இரவெல்லாம் ஆடுகள் படுத்திருக்கும். அவை வேலை ஒன்றும் செய்வதில்லை. அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும், அவ்வளவுதான். காலையில் வயல் முழுவதும் புழுக்கையும் ஈரமும். மறுநாள் கிடையை அடுத்த வயலுக்கு மாற்றுவோம். ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பது எங்கள் பக்கத்துப் பழமொழி. நிலமும் உறங்குகிறது, ஆடும் உறங்குகிறது, அடுத்த போகத்து நெல் அந்த இரவில்தான் உண்டாகிறது.

ஏழாம் வருஷத்தில் நிலத்துக்கு ஓய்வு விட வேண்டும் என்று லேவியராகமத்தில் எழுதியிருக்கிறது. மாற்கு நான்காம் அதிகாரத்தில் ஆண்டவர், விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் விழிக்க, அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைத்துப் பயிராகிறது என்கிறார். எனக்குப் பிரியமான வசனம் அது. நாற்று நட்ட பிறகு நான் இரவில் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கதிர் கூடுதலாக வராது. தண்ணீர் முறை எங்களுக்கு வரும் இரவில் மட்டும் விழித்திருப்பேன். அன்று தூங்கினால் மடை உடையும். எந்த இரவில் விழிக்க வேண்டும், எந்த இரவில் தூங்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் விவசாயி. மூப்பர் ஐயா மனைவிக்காக விழித்திருந்தது தண்ணீர் முறை இரவு. எல்லா இரவும் அந்த இரவு அல்ல.

கூடல்நகர் மார்த்தாள்
மூன்று வாரங்களுக்குப் பின், ஞாயிறு, மாலை 5.30

அனைவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம், எழுதும்படியாக ஒன்றும் நடக்காமல் இருந்ததுதான்.

முதல் வாரம் நாலரை மணிக்கு எழுவதை நிறுத்தினேன். ஐந்தரை வரைக்கும் உறங்கினேன். குற்ற உணர்வு இருந்தது. ஆனால் நாலாம் நாள், பள்ளியில் மதிய இடைவேளையின்போது, பிள்ளைகள் இல்லாத வகுப்பறையில் என்னையறியாமல் அமர்ந்து பத்து நிமிடம் ஜெபித்தேன். கரும்பலகையில் பாதி அழிக்கப்பட்ட பின்னக் கணக்கு ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உறக்கம் வரவில்லை. எந்த விண்ணப்பமும் வரவில்லை. மணி அடித்ததும் எழுந்தேன்.

இரண்டாம் வாரம், சங்கக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாற்றி, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமையில் வைக்கலாமா என்று கேட்டேன். எதிர்ப்பு வரும் என்று நினைத்தேன். "எப்போது சொல்வாய் என்று காத்திருந்தோம்" என்றார் ஒரு பாட்டி. நான்கு ஆண்டுகளாக நான் மற்றவர்களுக்காகத்தான் அந்தக் கூட்டத்தை நடத்துவதாக நினைத்திருந்தேன்; அவர்கள் எனக்காக வந்துகொண்டிருந்தார்கள்.

உண்மையில் சொல்ல வந்தது வேறு. மாணவத் தம்பி எழுதிய அந்த வசனம் என்னை விடவில்லை. எங்கள் ஆலயத்தில் பெருக்கி, துடைத்து, மணி அடித்து, பூட்டித் திறக்கிற ஒரு தாத்தா இருக்கிறார். நான் சிறுமியாக இருந்தபோதே அவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நாலு மணிக்கே வேலை தொடங்கிவிடும். திங்கட்கிழமை தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும். செவ்வாய் உபவாச ஜெபம். வெள்ளி பாடகர் பயிற்சி. சனிக்கிழமை திருமணம் இருந்தால் இரவு வரைக்கும். அவருக்கு ஓய்வுநாள் எது என்று நாற்பது ஆண்டுகளில் நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், விளக்கை அணைத்துக்கொண்டிருந்த அவரிடம் போய், "தாத்தா, வாரத்தில் ஒரு நாள் நீங்கள் வரவேண்டாம், வீட்டிலேயே இருங்கள், குழுவில் நான் பேசுகிறேன்" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "என்னை நிறுத்தப்போகிறீர்களா அம்மா? நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலையை விட்டு நீக்கவில்லை, சம்பளமும் குறையாது என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் வழக்கத்திற்கு முன்னதாகவே வந்து தொட்டியைக் கழுவியிருக்கிறார். இப்போது என்ன செய்வது?

பசுமலை முதியவர்
ஞாயிறு, இரவு 7.15

வாயால் சொன்னால் நம்பமாட்டார் அம்மா. வாயால் சொல்லப்பட்டவை பலவற்றை அவர் பார்த்திருப்பார். குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கூலி பிடித்தமில்லை என்பதையும் சேர்த்து, தலைவர் கையொப்பத்தோடு அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த நாளில் தொட்டியை யார் கழுவுவார் என்று பேரும் எழுதுங்கள். பேர் இல்லாத ஓய்வு நிலைக்காது. இரண்டாம் வாரமே அவர் வந்துவிடுவார்.

செல்லூர்த் தறிக்காரி
ஞாயிறு, இரவு 10.50

அக்கா, வீட்டில் இருக்கச் சொன்னால் அவருக்கு எங்கே இருப்பது என்று தெரியவேண்டுமே. அவர் வீட்டிலும் ஒரு அறைதான் இருக்கும். வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன வேண்டும் என்று போய்ப் பாருங்கள் முதலில்.

திருநகர் மூப்பர்
அடுத்த செவ்வாய், காலை 6.05

சகோதரிக்கு ஒரு செய்தி. எங்கள் சபையிலும் இப்படி ஒருவர் உண்டு. ஒரு விதவைத் தாயார். முழு இரவு ஜெபத்திற்கு நாங்கள் விழித்திருந்த இரவுகளில் எல்லாம், காலையில் நாங்கள் உறங்கப் போன பின்பு பாயைச் சுருட்டி, தேநீர்க் குவளைகளைக் கழுவி, இடத்தைத் துடைத்தது அவர்தான். அவர் எப்போது உறங்கினார் என்று எனக்குத் தெரியாது. இங்கே நான் முதலில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன்.

மூப்பர்கள் நால்வரும் பேசி, திங்கட்கிழமை அவருக்கு விடுப்பு என்று எழுதினோம். சபையின் சாவி இப்போது என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நேற்று நானே போய்ப் பெருக்கித் துடைத்து, குவளைகளைக் கழுவினேன். மூன்று குவளை உடைந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. இரவு எட்டரைக்கு ஜெபிக்க முழங்கால்படியிட்டேன். என் மனைவி எழுப்பும்போது மணி பதினொன்று.